பெட்டிக்குள் இருந்த காற்று

“என்ன மாத்திரை சாப்பிட்டார்? மறைக்காமச் சொல்லுங்க.”

டாக்டரம்மா இப்படிக் கேட்டதும் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றிருந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் பேச்சியம்மாளைத் திரும்பிப் பார்த்தார்கள். பேச்சியம்மாள் என்னைப் பார்த்தாள்.

உள்ளே கட்டிலில் கிடந்தவன் அவள் புருஷன் சோலைமலை. மதுரை அவனியாபுரம் பக்கம் ஒரு பருப்பு மில்லில் மூட்டை இறக்குகிறவன். நாற்பது வயதைத் தொட்டிருப்பான். தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து அந்த மில்லுக்குக் கன்டெய்னர் ஏற்றிவருகிற டிரெய்லருக்கு நான் டிரைவர். காலையில் என் வண்டியில் ஏறி வேலை பார்த்த ஆளை மத்தியானம் ஷேர் ஆட்டோவில் மடியில் போட்டுக் கொண்டுவந்திருந்தோம்.

“சட்டையில பூண்டு வாடை அடிக்குது. மூச்சுலயும் அடிக்குது. தானியத்துல பூச்சிக்கு வைக்கிற மருந்து இது. இந்த வாடையோட எத்தனையோ பேரைப் பாத்துட்டேன்” என்றார் டாக்டரம்மா. அதட்டலாகச் சொல்லவில்லை. களைத்துப் போன குரல். “வீட்ல சண்டையா?”

பேச்சியம்மாள் கட்டியிருந்தது பட்டுச் சேலை. தலையில் காலையில் வைத்த மல்லிகை வாடாமல் இருந்தது.

“ஆமா” என்றாள்.

சோலையின் அண்ணன் தலையில் அடித்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்துவிட்டார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்திக்கொள்கிறேன். அந்தக் கன்டெய்னர் பெட்டி எப்படி வந்தது என்று சொல்லாமல் மேலே போனால், சோலை கதை பாதிக் கதையாகிவிடும்.

வண்டியில் வளர்ந்த தாடி

நான் தூத்துக்குடிக்கு ஓட்ட ஆரம்பித்தபோது கன்டெய்னர் எல்லாம் இந்த அளவுக்குப் புழக்கத்தில் இல்லை. சாதாரண லாரிதான். கப்பலில் சாக்கு சாக்காக வரும். கொக்கி போட்டு இழுத்து லாரியில் அடுக்குவார்கள். துறைமுகத்துக்கு வெளியே லாரிகள் வரிசை கட்டி நிற்கும். நம் முறை எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. லாரிக்கு அடியில் ஸ்டவ் வைத்துச் சோறு பொங்கினோம். லாரிக்கு அடியிலேயே தூங்கினோம். முகம் மழித்துக்கொண்டு மதுரையை விட்டுப் போனவன் தாடியோடு திரும்புவேன். எங்கள் தெரு நாய் என்னையே பார்த்துக் குரைத்திருக்கிறது.

அப்புறம் பெட்டிகள் வந்தன. அப்போதும் அவசரம் இல்லை. கப்பலில் இருந்து இறங்கிய பெட்டி துறைமுகத்துக்கு வெளியே ஒரு யார்டுக்குப் போய்ப் பல நாள் கிடக்கும். அதிகாரிகள் வந்து கதவைத் திறக்கச் சொல்லுவார்கள். பாதி மூட்டையை வெளியே எடுத்து வைப்பார்கள். சாக்கில் கம்பியைக் குத்தி உளுந்தோ துவரையோ கொஞ்சம் சாம்பிள் எடுப்பார்கள். சாயங்காலம் பூட்டுவார்கள், மறுநாள் இன்னொருவர் வந்து திறப்பார். இதெல்லாம் முடிந்துதான் பெட்டி மதுரைக்கு வரும்.

பிறகு எல்லாமே மாறியது. சாலை நான்கு வழியானது. கடலை ஆழப்படுத்தினார்கள், பெரிய கப்பல்கள் வந்தன. கிரேன்கள் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக முளைத்தன. பெட்டியைத் திறக்காமலே உள்ளே இருப்பதைப் படம் பிடிக்கிற மெஷின் வந்தது. ஒவ்வொரு தடவை போகும்போதும் ஒரு புது மதில் சுவர், ஒரு புது கேட், ஒரு புது விளக்குக் கோபுரம். வழியில் உப்பளங்கள் இருந்த சில இடங்களில், ஓலை போட்டு மூடிய உப்புக் குவியல்கள் போய், சிவப்பும் நீலமுமாகப் பெட்டிகளை அடுக்கியிருந்தார்கள்.

கடைசியில் வந்ததுதான் பெரிய மாற்றம். ஒழுங்காகத் தொழில் செய்கிற கம்பெனிகள் யார்டுக்கே போக வேண்டாம். கப்பல் கடலில் வரும்போதே பேப்பர் வேலை முடிந்துவிடும். கிரேன் பெட்டியை இறக்கும், நான் வாங்கிக்கொண்டு நேராக மில்லுக்கு வந்துவிடலாம். தூத்துக்குடியில் இட்லி சாப்பிட்டுக் கிளம்பினால் அவனியாபுரத்தில் வந்து மத்தியானச் சோறு. எனக்கு அதில் ரொம்பச் சந்தோஷம். ராத்திரி வீட்டில் படுக்கிற டிரைவர் என்று என் பெண்டாட்டி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

சோலைக்கும் அது நல்ல காலம்தான். முன்னெல்லாம் பெட்டி வராத நாட்களில் அவனும் அவனோடு வேலை பார்க்கிற கருப்பையாவும் மில் வாசலில் ஆடுபுலி ஆட்டம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பெட்டிகள் வேகமாக வர ஆரம்பித்த பிறகு தரையில் கீறின கட்டம் அழிந்தே போனது.

ஒன்றை மட்டும் யாரும் யோசிக்கவில்லை. யார்டில் பெட்டி சும்மா கிடந்த நாட்களில், கதவைத் திறந்து மூடித் திறந்து, உள்ளே அடைபட்டிருந்த காற்று தானாக வெளியே போய்விடும். அப்படிச் செய்ய வேண்டும் என்று யாரும் திட்டம் போட்டுச் செய்ததில்லை. அதுபாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது. நின்றுபோனபோதும் அதுபாட்டுக்கு நின்றுபோனது.

பர்மா உளுந்து

அன்றைக்கு வந்தது பர்மா உளுந்து. கப்பலுக்கு அது கிட்டத்துப் பயணம். மாசி கழிந்து வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. முந்தின நாளே பெட்டியை வாங்கிவிட்டதால், விடியற்காலையில் கிளம்பி, சாலையில் சூடு ஏறுவதற்குள் மில்லுக்கு வந்துவிட்டேன்.

மில் முதலாளி ஜமால் பாய். மதுரைப் பழைய ஊருக்குள் வீடு. பரம்பரையாகப் பருப்பு வியாபாரம். அறுபது வயசைத் தாண்டியவர், காது கொஞ்சம் மந்தம், அதனால் எல்லாரிடமும் சத்தமாகத்தான் பேசுவார். அவர் எதிரில்தான் கதவுத் தாழ்ப்பாளில் போட்டிருந்த கம்பி சீலை வெட்டினோம். நானும் கருப்பையாவும் ஆளுக்கொரு கதவை இழுத்தோம்.

குப்பென்று ஒரு வாடை வந்தது.

“என்னண்ணே, பர்மாக்காரன் உளுந்தோட பூண்டையும் சேத்து அனுப்பிட்டானா?” என்றான் சோலை.

கருப்பையா சிரித்தான். “மாப்ள, உள்ளே இட்லிப்பொடி இருந்தாலும் இருக்கும், பாரு.”

ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு வாடை உண்டு. மரம் வந்தால் ஒரு வாடை, முந்திரிக்கொட்டை வந்தால் ஒரு வாடை, பழைய இரும்பு வந்தால் ஒரு வாடை. மண்டையோடு போட்ட எச்சரிக்கைப் படம் ஒட்டியிருந்தால் தள்ளி நிற்போம். அந்தக் கதவில் எதுவும் ஒட்டியிருக்கவில்லை. கதவிலிருந்து கூரை வரை மூட்டைகள்தான் தெரிந்தன.

சோலைக்கு அன்று சீக்கிரம் முடித்துவிட்டுப் போக வேண்டியிருந்தது. திருமங்கலத்தில் பேச்சியம்மாளின் அக்கா மகளுக்குக் காதுகுத்து. முந்தின நாள் வரை வருவதாகச் சொல்லியிருந்தான். விடியக்காலையில் பாய் போன் போட்டுப் பெட்டி வருகிறது என்றதும், “நீ பிள்ளைகளக் கூட்டிட்டு முன்னால போ, எறக்கிப் போட்டுட்டு வாரேன்” என்றிருக்கிறான்.

“எங்க ஆளுக விசேஷம்னா மட்டும் ஒங்களுக்குக் கரெக்டாப் பெட்டி வந்துரும்” என்று அவள் கத்தியிருக்கிறாள். இவன் சாப்பிடாமல் கிளம்பி வந்துவிட்டான்.

கதவுப் பக்க மூட்டைகளை இறக்கியதும், சோலை மேலே ஏறிப் படுத்தபடி உள்ளே ஊர்ந்து போனான். கூரைக்கும் மூட்டைக்கும் நடுவே ஒரு ஆள் குப்புறக் கிடக்கிற இடம்தான் இருக்கும். அங்கிருந்து மூட்டைகளைக் காலால் உந்தித் தள்ளுவான். கருப்பையா வாசலில் வாங்கித் தலையில் வைத்துக் குடோனுக்குக் கொண்டுபோவான். இரும்புப் பெட்டிக்குள் வெயில் நேரத்தில் இந்த வேலையைச் செய்ய சோலையைத் தவிர வேறு யாரும் முன்வர மாட்டார்கள்.

நான் கைகால் கழுவி, டீ குடித்துவிட்டு வரும்போது சோலை கீழே இறங்கி வண்டிச் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். வாந்தி எடுத்திருந்தான்.

“காலையில சாப்பிடாம வந்ததுண்ணே. வெயில் வேற. நெஞ்சக் கட்டின மாதிரி இருக்கு.”

கருப்பையாவும் தலைவலி என்று நெற்றியில் துண்டை இறுக்கிக் கட்டியிருந்தான். பாய் வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டார். “நாளைக்கு எறக்கிக்கிரலாம், வீட்டுக்குப் போங்கப்பா.” கருப்பையா பக்கத்தில் பெருங்குடியில் உள்ள தன் வீட்டுக்குப் போனான். நான் பாயின் ஸ்கூட்டரில் சோலையை ஏற்றிக்கொண்டேன். வழியெல்லாம் தண்ணீர் கேட்டான்.

வீட்டில் பேச்சியம்மாள் பஸ்ஸுக்குக் கிளம்பி, வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு மோர் கரைத்துக் கொடுத்தாள். அதையும் கக்கினான். அவன் கையைப் பிடித்துப் பார்த்தேன். அந்த வெயிலில் ஐஸ் தண்ணீரில் முக்கி எடுத்த கை மாதிரி இருந்தது.

கேட்கக் கூடாத கேள்வி

இனி ஆஸ்பத்திரி வராந்தாவுக்குத் திரும்புகிறேன்.

“அப்படி என்ன புள்ள சொன்ன அவன?” என்று சோலையின் அண்ணன் அழுதுகொண்டே கேட்டார். “மருந்தத் திங்கிற அளவுக்கு என்ன சொன்ன?”

தப்பு தன்மேல்தான் என்று பேச்சியம்மாள் நினைத்துவிட்டாள் போல. அவள் முகத்தைப் பார்த்தபோது எனக்கு அதுதான் பயமாக இருந்தது. அவளே நம்பிவிட்டாள்.

பேச்சியம்மாளையும் என்னையும் முதலில் உள்ளே விட்டார்கள். அந்த மருந்து ஏறினவர்களுக்கு உடம்பெல்லாம் அடங்கிக்கொண்டே வந்தாலும் புத்தி தெளிவாக இருக்கும் என்று பிறகு சொன்னார்கள். சோலை அப்படித்தான் இருந்தான். மெல்லிய குரல், ஆனால் தெளிவான பேச்சு.

“பேச்சி, காதுகுத்துக்குப் போகலையா?”

அவள் அவன் தலைமாட்டில் குனிந்தாள். “என்னத்தத் தின்னீக? சொல்லுங்க. நான் கோவத்துல சொன்னதுக்கா?”

“நான் ஒண்ணும் திங்கலயே.”

“நெசமா?”

“நெசமாத்தான். காலையில இருந்து பச்சத் தண்ணியும் நீ குடுத்த மோரும்தான்.” கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, “அந்த உளுந்துல என்னமோ இருந்துச்சு பேச்சி” என்றான்.

நான் வெளியே ஓடிவந்து டாக்டரம்மாவைப் பிடித்தேன்.

“அம்மா, இவரு காலையில இருந்து கன்டெய்னர் பெட்டிக்குள்ள வேல பாத்தாருங்க. உளுந்து லோடு. தொறக்கும்போதே பூண்டு வாடை அடிச்சது.”

அவர் நின்றுவிட்டார். “உள்ளே மருந்து வச்சு அனுப்பியிருந்தாங்களா?”

“தெரியலைங்க.”

“கூட யாரும் இருந்தாங்களா?”

அப்போதுதான் கருப்பையா ஞாபகம் வந்தது. அவன் போன் அணைந்திருந்தது. பாய்க்குப் போன் போட்டேன். “பாய், பெட்டிப் பக்கம் ஒருத்தரையும் விடாதீங்க. தள்ளி நின்னு, மூட்டைக்கு நடுவுல ஏதும் தெரியுதான்னு மட்டும் பாருங்க.” சொல்லிவிட்டு ஒரு ஆட்டோ பிடித்துப் பெருங்குடிக்குப் போனேன்.

கருப்பையா வீட்டு வாசலில் வேப்பமர நிழலில் சுருண்டு கிடந்தான். அவன் பெண்டாட்டி கோலி சோடா வாங்கிக் கொடுத்திருந்தாள். அதுவும் வாந்தியாகப் பக்கத்திலேயே கிடந்தது. “வெயில் பட்டுருச்சுண்ணே, ஒண்ணுமில்ல, படுத்து எந்திரிச்சாச் சரியாப் போகும்” என்றான். அவன் தோளைத் தூக்கும்போது அவன் சட்டையிலிருந்து அதே வாடை வந்தது.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்ததும் டாக்டரம்மா கருப்பையாவின் அருகே குனிந்து முகர்ந்தார். பிறகு நேராக வராந்தாவுக்கு வந்து, பேச்சியம்மாளுக்கு முன்னால் குத்த வைத்து உட்கார்ந்தார்.

“அம்மா, நான் கேட்டது தப்பு. உங்க வீட்டுக்காரர் எதையும் சாப்பிடல. அந்தப் பெட்டியில இருந்த காத்து உள்ளே போயிருக்கு.”

பேச்சியம்மாள் அந்த ஒரு நொடி சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன். “அப்பப் பொழச்சிருவாருல்ல?”

“இதுக்கு மாத்து மருந்து இல்லம்மா. எங்களால முடிஞ்சதைச் செய்யிறோம்.”

வீடுகளில் விளக்கேற்றுகிற நேரத்துக்குச் சோலை போய்விட்டான். கடைசியில் பிள்ளைகளைக் கேட்டான். கூட்டிவர ஆள் போயிருந்தது, வந்து சேரவில்லை.

பாய்க்கு வந்த போன்

ஜமால் பாய் வந்தபோது பேச்சியம்மாள் தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். அழுகை நின்றிருந்தது. பாய் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு அவளுக்கு எதிரில் நின்றார். அந்த நேரம் அவர் போன் அடித்தது. காது மந்தம் என்பதால் அவர் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார்.

துறைமுகத்தில் அவருக்குப் பெட்டி எடுத்துக் கொடுக்கிற ஏஜென்ட்.

“பாய், ஆஸ்பத்திரியில குடும்பச் சண்டைன்னுதான முதல்ல பேச்சு வந்துச்சு? அது அப்படியே போகட்டும். பெட்டியில மருந்துன்னு வெளியே வந்தா, இனிமே உங்களுக்கு நேராப் பெட்டி எடுக்க விட மாட்டாக. பழையபடி யார்டுல போட்டுருவாக. அம்புட்டுப் பேரு பொழப்பும் போயிரும்.”

ஏஜென்ட் விடவில்லை.

“அந்தப் பொம்பளையே சண்டை நடந்துச்சுன்னு சொல்லிருச்சாமே. அப்புறம் என்ன?”

பேச்சியம்மாள் தலையைத் தூக்கிப் பார்த்தாள். வராந்தாவில் இருந்த எல்லாருக்கும் அது கேட்டது. பாய்க்கு முகம் வெளுத்துவிட்டது. அவர் மகன்கள் இரண்டு பேர், மில்லில் வேலை பார்க்கிற குடும்பங்கள், வாங்குவதாகச் சொல்லிவைத்திருந்த அடுத்த பெட்டிகள், எல்லாம் அவர் கண் முன்னால் வந்திருக்கும். அந்த மனுஷன் ரொம்ப நேரம் போனையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

“தம்பி” என்றார் கடைசியில். “நான் கதவுக்கிட்ட நின்னு பாத்துட்டேன். மூட்டைக்கு நடுவுல துணிப் பொட்டலம் தொங்குது, உள்ளே சாம்பல் மாதிரிப் பொடி. என் மில்லுல எறக்குனவன் செத்துக் கெடக்கான். பழியை அவன் பொண்டாட்டி தலையில வச்சுட்டு நான் பெட்டி எடுக்கவா?”

போனை வைத்துவிட்டு, விசாரிக்க வந்திருந்த போலீஸ்காரரைத் தேடிப் போனார். நடந்ததை நடந்தபடி சொன்னார். கருப்பையாவும் மறுநாள் கட்டிலில் படுத்தபடி சொன்னான். அவன் பிழைத்துவிட்டான், ஆனால் குரல் இன்றுவரை கரகரப்புத்தான்.

ஏஜென்ட் சொன்னதும் நடந்தது. பாயின் பெட்டிகள் ரொம்ப நாள் யார்டுக்குப் போய்க் கிடந்தன. மில் பாதி நாள் ஓடவில்லை. பொட்டலத்தை வைத்தவர் யார், படத்தை ஒட்டாமல் விட்டது யார் என்று கேட்டுக்கொண்டே போனார்கள். ஏற்றியவர் ஒரு நாட்டில், பெட்டிக்குச் சொந்தக்காரர் இன்னொரு நாட்டில், கப்பல் மூன்றாவது நாட்டில். ஒவ்வொருவரும் அடுத்தவரைக் காட்டினார்கள். கடைசி வரை யாரும் அகப்படவில்லை.

மேடும் பள்ளமும்

கதவைத் திறந்து போட்டுப் பெட்டி சில நாள் மில்லில் நின்றது. முகமூடி போட்ட ஆட்கள் வந்து சோதித்துவிட்டு, இனிமேல் பயமில்லை என்றார்கள். மிச்ச மூட்டைகளை இறக்கினார்கள். அந்த உளுந்தும் உடைந்து, தோல் நீங்கி, கடைகளுக்குப் போய்விட்டது. சாப்பிடுகிறவர்களுக்கு ஒன்றும் செய்யாது என்றார்கள். என் வீட்டில் ரொம்ப நாள் தோசைக்கு ஊறப்போடவே இல்லை.

காலிப் பெட்டியை நான்தான் திருப்பிக் கொண்டுபோனேன். காலிப் பெட்டி மேடு பள்ளத்தில் டமார் டமார் என்று சத்தம் போடும். வழக்கமாக அது காதில் விழாது. அன்று தூத்துக்குடி வரைக்கும் விழுந்தது.

சில மாதம் கழித்துப் பேச்சியம்மாள் அதே மில்லுக்கு உளுந்து புடைக்க வந்தாள். பாய்தான் கூப்பிட்டார். வேறு வழியும் அவளுக்கு இல்லை. ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் என்னிடம் வந்தாள்.

“அண்ணே, அந்தப் பெட்டி இப்ப எங்க இருக்கு? டேசன்ல வச்சிருக்காகளா?”

ஆளை அடித்த லாரியைப் போலீஸ் ஸ்டேஷன் பின்பக்கம் துருப்பிடிக்க விட்டுவைப்பார்கள் இல்லையா, அப்படி நினைத்திருக்கிறாள்.

“இல்லம்மா. கழுவி வேற லோடு ஏத்திருப்பாங்க. இந்நேரம் எந்தக் கடல்ல போகுதோ.”

அவள் கையில் ஒட்டியிருந்த உளுந்துத் தூசியைத் தட்டினாள். “அங்கன எறக்குறவுகளுக்கு இதுல ஒரு ஆளு செத்தது தெரியுமா?”

“தெரியாதும்மா.”

சரி என்று தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள்.

பாய்க்குப் பெட்டிகள் மறுபடி நேராக வர ஆரம்பித்துவிட்டன. துறைமுகம் இன்னும் பெரிதாகிக்கொண்டே இருக்கிறது. போன வாரமும் ஒரு பெட்டி கொண்டுபோனேன். துவரை. சீலை வெட்டிக் கதவைத் திறந்ததும் பேச்சியம்மாள் முறத்தைப் போட்டுவிட்டு எழுந்து வந்தாள். அவள் எப்போதும் வருவாள். கதவுக்கு நேராகக் கொஞ்சம் தள்ளி நின்றுகொள்வாள். உள்ளே இருக்கிற காற்று போய்விட்டது என்று அவள் சொல்லாமல் யாரும் ஏற மாட்டார்கள். எங்கேயும் எழுதி வைத்த சட்டம் இல்லை அது.

என் ஆபீஸிலிருந்து போன். “வண்டி எப்ப ஃப்ரீ ஆகும்? அடுத்த பெட்டி காத்துக்கிட்டிருக்கு.”

“சொல்லத் தெரியலை” என்று வைத்துவிட்டேன்.

வெயில் உச்சிக்கு வந்துகொண்டிருந்தது. கருப்பையா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, வண்டிப் படியில் ஒரு காலை வைத்தபடி, இருமிவிட்டு அவளைப் பார்த்தான்.

“போதுமா தங்கச்சி?”

“போதாதுண்ணே” என்றாள் பேச்சியம்மாள்.